'இன்னொரு வாய்ப்பு தாருங்கள்': சிட்டிங் எம்.எல்.ஏ.வை எதை வைத்து எடைபோடுவது?

தேர்தல் நெருங்கினால் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஊர்களில் இரண்டு பேச்சு ஒன்றாகக் கேட்கும். பதவியில் இருப்பவரின் ஆட்கள் சாதனைப் பட்டியலைக் கையில் கொடுப்பார்கள். நிழற்குடை, சிமென்ட் சாலை, மேல்நிலைத் தொட்டி, குடிநீர்த் திட்டம், ரயில் பாதை என்று எல்லாமே அதில் இருக்கும். எதிர்த் தரப்பு, "ஜெயித்துப் போனவர் ஐந்து வருஷமாக இந்தப் பக்கமே வரவில்லை" என்று சொல்லும். இரண்டையும் கேட்டவருக்குக் குழப்பம் வருவது நியாயம்தான். பட்டியலில் உள்ள பெரிய வேலைகள் பலவும் எம்.எல்.ஏ.வின் அதிகாரத்தில் வருவதில்லை. அவர் செய்யவில்லை என்று குறை சொல்லப்படுவதிலும் பல அவர் கையில் இல்லை.

எது அவர் பொறுப்பு, அதைச் செய்தாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

## முதல் நம்பிக்கை கட்சியுடையது

சட்டமன்றத்தின் காலம் 5 ஆண்டு. ஒருவர் எத்தனை முறை வேண்டுமானாலும் நிற்கலாம். சட்டத்தில் தடை இல்லை. ஆனால் வாக்காளர் மறுபடி நம்புவதா வேண்டாமா என்று யோசிப்பதற்கு முன்பே கட்சித் தலைமை ஒரு முடிவு எடுத்துவிடுகிறது. சீட் கிடைத்தால்தான் அவர் கட்சி வேட்பாளராக மக்கள் முன்னால் வர முடியும்.

2024 மக்களவைத் தேர்தலில் இரண்டு மாவட்டங்களிலும் இதுதான் நடந்தது. தருமபுரியில் 2019ல் வென்ற தி.மு.க.வின் செந்தில்குமாருக்கு மறுபடி சீட் கிடைக்கவில்லை, ஆ. மணி நின்று, 21,300 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். கிருஷ்ணகிரியில் காங்கிரஸின் செல்லகுமாருக்குப் பதில் கோபிநாத் நின்று வென்றார். இரண்டு தொகுதியிலும் கட்சி மாறவில்லை, ஆள் மட்டும் மாறினார். பழைய உறுப்பினரின் 5 ஆண்டு வேலையைப் பற்றி வாக்காளர் தீர்ப்புச் சொல்ல வாய்ப்பே வரவில்லை.

சட்டமன்றத்திலும் இப்படி உண்டு. 2017 செப்டம்பரில் அ.தி.மு.க. உறுப்பினர்கள் 18 பேர் கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்கீழ் தகுதி நீக்கம் செய்யப்பட்டபோது அரூரும் பாப்பிரெட்டிப்பட்டியும் காலியாயின. 2019 இடைத்தேர்தல் வரை, ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக, அந்த இரண்டு தொகுதிகளுக்கும் எம்.எல்.ஏ. இல்லை. அந்த இடைத்தேர்தலில் அரூரில் சம்பத்குமாரும் பாப்பிரெட்டிப்பட்டியில் கோவிந்தசாமியும் வென்றார்கள். இரண்டே ஆண்டு வேலையைக் காட்டி 2021ல் மறுபடி நின்று, இருவரும் வெற்றி பெற்றார்கள். அதே 2019ல் ஓசூர் இடைத்தேர்தலில் வென்ற தி.மு.க.வின் சத்யாவுக்கு 2021ல் சீட் கிடைக்கவில்லை.

ஆகவே "மறுபடி நிற்கிறார்" என்பதற்கு ஒரு பொருள்தான் உண்டு. கட்சி அவரை வைத்துக்கொள்ள விரும்புகிறது. தொகுதி அவரை ஏற்றுக்கொண்டதா என்பது வேறு கேள்வி.

## இந்த மண்ணில் இதுவரை நடந்தது

பதவியில் இருப்பவரின் தோல்விக்கும் வெற்றிக்கும் தமிழ்நாட்டிலேயே எடுத்துச் சொல்லத்தக்க சம்பவங்கள் இங்கே இருக்கின்றன.

பர்கூரில் 1991ல் வென்று முதலமைச்சரான ஜெயலலிதா, 1996ல் அதே பர்கூரில் தி.மு.க.வின் சுகவனத்திடம் 8,366 வாக்கில் தோற்றார். முதலமைச்சரே தன் சொந்தத் தொகுதியை இழந்த தேர்தல் அது. மாநிலம் முழுக்க அ.தி.மு.க.வுக்கு அப்போது 4 இடங்கள்தான் கிடைத்தன. எனவே அதை பர்கூர்க்காரர்களின் தனித் தீர்ப்பு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஆட்சியின் மேல் இருந்த கோபமும் அதில் கலந்திருந்தது.

பாலக்கோடு இதற்கு நேர் எதிர். அ.தி.மு.க.வின் கே.பி. அன்பழகன் அங்கே 2001, 2006, 2011, 2016, 2021 என்று தொடர்ந்து 5 முறை வென்றிருக்கிறார். 2006லும் 2021லும் அவருடைய கட்சி ஆட்சியை இழந்தது. தொகுதி அவரை விடவில்லை. 2021ல் மாநிலத்திலேயே அதிக வாக்குப் பதிவானதும் பாலக்கோட்டில்தான், 87 விழுக்காட்டுக்கும் மேல்.

பென்னாகரம் இன்னொரு வகை. 2006ல் தி.மு.க., 2011ல் இந்திய கம்யூனிஸ்ட், 2016ல் தி.மு.க., 2021ல் பா.ம.க. என்று ஒவ்வொரு பொதுத் தேர்தலிலும் கை மாறியிருக்கிறது.

நான்காவது கிருஷ்ணகிரி. 2016ல் வென்ற தி.மு.க.வின் செங்குட்டுவன், 2021ல் அ.தி.மு.க.வின் அசோக்குமாரிடம் 794 வாக்கில் தோற்றார். அவருடைய கட்சி ஆட்சியைப் பிடித்த அதே தேர்தல் அது. 794 என்பது சாதாரணமாக ஒரு வாக்குச்சாவடியின் பட்டியலில் இருக்கும் பெயர்களைவிடக் குறைவு.

இதிலிருந்து புரிய வேண்டியது இதுதான். ஆட்சியின் மேல் உள்ள எண்ணம் வேறு, ஆளின் மேல் உள்ள எண்ணம் வேறு. வாக்குச்சீட்டில் இரண்டுக்கும் தனித்தனி இடம் இல்லாததால், வாக்காளர்தான் மனதுக்குள் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அலை அடிக்கும்போது வேலை செய்தவரும் சேர்ந்து அடித்துக்கொண்டு போகிறார். செய்யாதவரும் சேர்ந்து கரையேறிவிடுகிறார்.

## எம்.எல்.ஏ.வின் கையில் என்னதான் இருக்கிறது?

மூன்று விஷயங்கள் இருக்கின்றன. மூன்றும் ஒரே கனமுள்ளவை இல்லை.

1. தொகுதி மேம்பாட்டு நிதி. ஒரு எம்.எல்.ஏ.வுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். பணம் அவர் கைக்கு வராது. எந்த வேலை, எந்த ஊரில் என்று அவர் பரிந்துரைப்பார்; மாவட்ட ஆட்சியர் அனுமதி தருவார்; அரசுத் துறையோ உள்ளாட்சி அமைப்போ வேலையைச் செய்யும். பள்ளி வகுப்பறை, நிழற்குடை, சிறு பாலம், சாலை போன்றவை இதில் வரும். அவர் பெயர் எழுதியிருக்கும் பலகைகளைப் பெரும்பாலும் இந்த வேலைகளில்தான் பார்க்கிறோம். எம்.பி.க்கு இதே போன்ற நிதி ஆண்டுக்கு 5 கோடி.

2. அவையில் பேசும் உரிமை. வினா நேரத்தில் கேள்வி, கவன ஈர்ப்புத் தீர்மானம், மானியக் கோரிக்கை (ஒவ்வொரு துறையின் செலவுக்கும் அவை ஒப்புதல் தருவது) விவாதம் ஆகிய இடங்களில் தொகுதியின் பிரச்சினையை எழுப்பி அமைச்சரிடம் பதில் வாங்கலாம். மாங்காய் விலை சரிந்து, பெங்களூரா ரகத்தைக் கூழ் ஆலைகள் அடிமாட்டு விலைக்குக் கேட்கும் வருஷத்தில், கிருஷ்ணகிரிப் பக்கத்து எம்.எல்.ஏ.வால் தானே விலை நிர்ணயிக்க முடியாது. அவையில் அதை எழுப்பி, அரசு என்ன செய்யப்போகிறது என்று அமைச்சரின் வாயால் சொல்ல வைக்க முடியும். அந்தப் பதில் அவைக்குறிப்பில் ஏறிவிடும். பிறகு யாரும் அதை இல்லையென்று மறுக்க முடியாது.

3. நடுவில் நின்று தள்ளிவிடுவது. பட்டா, முதியோர் உதவித்தொகை, யானை புகுந்து மேய்ந்த ராகி வயலுக்கு இழப்பீடு என்று அலுவலகங்களில் தேங்கிக் கிடப்பவற்றை நகர வைப்பது. சட்டப்படி இது அவர் வேலை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் ஒரு விவசாயி எம்.எல்.ஏ. அலுவலகப் படியேறுவது பெரும்பாலும் இதற்காகத்தான். மக்கள் அவரை நல்லவர், கெட்டவர் என்று முடிவு கட்டுவதும் இதை வைத்துத்தான்.

இந்த மூன்றில் முதலாவது கண்ணுக்குத் தெரிகிறது, மூன்றாவது நினைவில் நிற்கிறது. இரண்டாவதைத்தான் யாரும் கேட்பதில்லை. என் கணிப்பில், தொகுதியின் தலையெழுத்தை மாற்றக்கூடியது அந்த இரண்டாவதுதான். காரணத்தை ஒரு கணக்கு காட்டும்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளூரோசிஸ் தடுப்புத் திட்டத்தின் மதிப்பு 1,928.80 கோடி ரூபாய். ஒரு எம்.எல்.ஏ. தன் தொகுதி நிதி முழுவதையும் ஆண்டுதோறும் அதற்கே கொடுத்தாலும் ஏறக்குறைய 643 ஆண்டு ஆகும். 5 ஆண்டுப் பதவிக்காலத்தில் அவர் பரிந்துரைக்கக்கூடிய மொத்தத் தொகை 15 கோடிதான். பெரிய தண்ணீர், பெரிய சாலை, பெரிய மருத்துவமனை எல்லாம் அரசின் வரவு செலவிலிருந்துதான் வர வேண்டும். அதை வாங்கித் தரும் வழி பேச்சும் கோரிக்கையும்தான்.

## 'நான் கொண்டுவந்தேன்' என்றால்?

ஒகேனக்கல் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். இந்த இரண்டு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளூரைடு அளவு அதிகம். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் அது குடிக்க உகந்த நீர் இல்லை. பல ஆண்டு குடித்தால் பல்லில் பழுப்புக் கறை விழும். எலும்பும் மூட்டும் இறுகும். காவிரி நீரைக் கொண்டுவருவது ஒன்றே தீர்வு என்று பல ஆண்டு பேசப்பட்டது. 2008ல் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். ஜப்பான் நிதி நிறுவனத்தின் கடனில் வேலை நடந்தது. நடுவில் ஆட்சி மாறியது. 2013ல் ஜெயலலிதா திட்டத்தைத் தொடங்கி வைத்தார். இதற்கிடையில் இரண்டு மாவட்டங்களிலும் எத்தனையோ உறுப்பினர்கள் வந்து போனார்கள். இதில் "நான் கொண்டுவந்தேன்" என்று தனியொருவர் சொல்ல என்ன இடம் இருக்கிறது?

இருந்தாலும் எல்லாருக்கும் பங்கு உண்டு என்று விட்டுவிடுவதும் சரியில்லை. அப்படி விட்டால் சும்மா இருந்தவரும் பங்கு கேட்பார். யாருடைய பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது:

1. வேலை யார் அதிகாரத்தில் வருகிறது? தொப்பூர் கணவாய்ச் சாலை தேசிய நெடுஞ்சாலை. அது மத்திய அரசின் பொறுப்பு. அதில் எம்.எல்.ஏ.வைவிட எம்.பி.யிடம்தான் முதலில் கேட்க வேண்டும். தென்பெண்ணையின் உபரி நீரை எண்ணேகொல்புதூரிலிருந்து தும்பலஅள்ளி அணைக்குக் கொண்டுபோகும் கால்வாய் மாநில அரசின் வேலை. தெருவிளக்கும் ஊருக்குள் குழாயும் உள்ளாட்சியின் வேலை.
2. இரண்டு அரசும் சேரும் வேலையா? மொரப்பூர் - தருமபுரி ரயில் பாதைக்கு 2019ல் அடிக்கல் நாட்டப்பட்டது. பாதை போடுவது ரயில்வே. நிலம் எடுத்துக் கொடுப்பது மாநில வருவாய்த் துறை. இப்படிப்பட்ட வேலையில் இவர் அவரைக் கைகாட்டுவதும், அவர் இவரைக் கைகாட்டுவதும் சுலபம். "உங்கள் பக்கத்து வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது?" என்று தனித்தனியாகக் கேட்டால்தான் பதில் வரும்.
3. இவர் எப்போது கேட்டார், யாரிடம் கேட்டார், என்ன பதில் வந்தது? தேதி சொல்ல முடிந்தால் அது வேலை. தேதி இல்லாவிட்டால் அது விளம்பரம்.

மூன்றாவது கேள்விக்கு விடை தேடுவது முன்பைவிட இப்போது எளிது. சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள் பேரவையின் இணையதளத்தில் கிடைக்கின்றன. எம்.பி.க்கள் கேட்ட கேள்விகளும் அமைச்சர்களின் பதில்களும் நாடாளுமன்றத் தளத்தில் பெயர்வாரியாக இருக்கின்றன. தொகுதி நிதியில் எந்த ஊரில் என்ன வேலை, எவ்வளவு செலவு என்ற பட்டியலை மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையிடம் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். வாக்குப்பதிவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மனுப் போட்டால் பதில் தேர்தலுக்குப் பிறகுதான் வரும். முன்பே போட வேண்டும்.

## 'ஆட்சி எங்களிடம் இல்லையே' என்ற பதில்

தருமபுரி மாவட்டத்துக்கு இது முக்கியமான விஷயம். 2021ல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது, ஆனால் மாவட்டத்தின் 5 தொகுதிகளிலும் வென்றது அ.தி.மு.க. - பா.ம.க. கூட்டணி. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் 6ல் ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, வேப்பனஹள்ளி மூன்றும் அ.தி.மு.க.வுக்கும், பர்கூர், ஓசூர் இரண்டும் தி.மு.க.வுக்கும், தளி அதன் கூட்டணியில் இருந்த இந்திய கம்யூனிஸ்டுக்கும் போயின. அதாவது, இரண்டு மாவட்டங்களின் 11 பேரில் 8 பேர் அப்போது எதிர்வரிசையில் உட்கார்ந்தார்கள். "எதிர்க்கட்சிக்காரன் கேட்டால் எங்கே செய்கிறார்கள்" என்ற பதில் இங்கே அடிக்கடி கேட்கக் காரணம் இதுதான்.

அந்தப் பதிலில் உண்மை உண்டு. அமைச்சரின் அறைக் கதவு ஆளுங்கட்சிக்காரருக்குச் சீக்கிரம் திறக்கும். ஆனால் தொகுதி நிதி கட்சி பார்த்துத் தரப்படுவதில்லை. கேள்வி கேட்கும் உரிமையும் எல்லாருக்கும் பொது. இன்னொன்றும் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் ஸ்டாலின் 234 எம்.எல்.ஏ.க்களுக்கும் கடிதம் எழுதினார். தொகுதியில் நீண்ட நாளாகத் தீராமல் இருக்கும் 10 முக்கியக் கோரிக்கைகளை வரிசைப்படுத்தி மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கச் சொன்னார். எதிர்க்கட்சி உறுப்பினர்களுக்கும் சேர்த்துத்தான்.

அப்படியென்றால் நேரடியான கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த 10ல் எங்கள் ஊர்ப் பிரச்சினை இருந்ததா? இருந்தது, அரசு செய்யவில்லை என்றால் குற்றம் அரசின் மேல். பட்டியலிலேயே இல்லை என்றால் "ஆட்சி எங்களிடம் இல்லை" என்ற பதில் அங்கே செல்லாது. ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.வுக்கு இந்தச் சாக்கும் கிடையாது. அவரை இன்னும் கறாராகக் கேட்க வேண்டும்.

## இரண்டு பிரமாணப் பத்திரங்கள்

மறுபடி நிற்பவரிடம் மட்டும் வாக்காளருக்குக் கிடைக்கும் வசதி இது. புதியவருக்கு ஒரு பத்திரம்தான் இருக்கும். பழையவருக்குப் போன முறை கொடுத்ததும் இந்த முறை கொடுத்ததும் இருக்கும். 2002ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின் விளைவாக, ஒவ்வொரு வேட்பாளரும் வழக்கு, சொத்து, கடன், படிப்பு விவரங்களைப் படிவம் 26ல் உறுதிமொழியாகக் கொடுக்க வேண்டும். அது தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலும் ஏறுகிறது. தெரிந்தே மறைத்தால் 6 மாதம் வரை சிறை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது மொத்தத் தொகையை மட்டும் பார்த்து ஆத்திரப்படக் கூடாது. ஓசூரைச் சுற்றி நிலம் வைத்திருப்பவர், ஒரு சென்ட்கூடப் புதிதாக வாங்காமலே, இரண்டு பத்திரத்துக்கு நடுவில் பணக்காரராகத் தெரிவார். சந்தை விலை அப்படி ஏறியிருக்கும். பார்க்க வேண்டிய இடம் வேறு. அசையாச் சொத்துப் பகுதியில் வாங்கிய தேதி, வாங்கிய விலை, இன்றைய மதிப்பு மூன்றும் தனித்தனியாகக் கேட்கப்பட்டிருக்கும். பதவிக்கு வந்த பிறகு வாங்கியவை எவை என்பது வாங்கிய தேதியில் தெரிந்துவிடும். அதற்குக் கொடுத்த விலையை, அதே படிவத்தில் உள்ள கடைசி 5 ஆண்டு வருமான வரிக் கணக்கோடு ஒப்பிடலாம். மனைவி அல்லது கணவர், சார்ந்திருப்பவர்கள் பெயரில் உள்ளவையும் படிவத்தில் உண்டு. அரசோடு ஒப்பந்தம் ஏதும் இருக்கிறதா என்ற கேள்வியும் உண்டு.

வழக்குப் பகுதியைப் படிக்கும்போதும் நிதானம் வேண்டும். சாலை மறியல் செய்ததற்கான வழக்கும் பண மோசடி வழக்கும் பட்டியலில் ஒரே மாதிரி ஓர் எண்ணாகத்தான் தெரியும். பிரிவைப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். நிலுவையில் உள்ள வழக்கு குற்றத் தீர்ப்பு ஆகாது. இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை கிடைத்தால் பதவி போய்விடும். மேல்முறையீடு செய்துவிட்டுப் பதவியில் தொடரலாம் என்றிருந்த சலுகையை 2013ல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது.

## பூத் கணக்கு

வாக்கு எண்ணி முடிந்ததும் வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு, படிவம் 20 என்ற பெயரில், வெளியிடப்படுகிறது. உங்கள் தனி வாக்கு யாருக்கும் தெரியாது. ஆனால் உங்கள் ஊர் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது வென்றவருக்கும் தோற்றவருக்கும் தெரியும். ஒரு மலைக் கிராமத்துக்கு ஒரே வாக்குச்சாவடி என்றால் அந்த ஊரின் மனது அப்படியே தெரிந்துவிடும். இதைத் தவிர்க்க, பல சாவடிகளின் வாக்குகளைக் கலந்து எண்ணலாம் என்று சட்ட ஆணையம் 2015ல் பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வரவில்லை.

இதனால் ஒரு வேதனையான விளைவு உண்டு. "உங்கள் ஊர் எங்களுக்குப் போடவில்லையே" என்ற சொல் 5 ஆண்டும் அந்த ஊரின் தலைக்கு மேல் தொங்கும். ஆகவே பதவியில் இருப்பவரை எடைபோட, அவருக்கு வாக்களித்த ஊரில் போட்ட சாலையைப் பார்ப்பது போதாது. அவருக்கு வாக்கு குறைந்த ஊர்களில் தொகுதி நிதி எவ்வளவு போயிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். படிவம் 20ஐயும் தகவல் உரிமையில் வாங்கிய வேலைப் பட்டியலையும் சேர்த்து வைத்தால் ஒரு மாலை நேரத்தில் இது தெரிந்துவிடும். எல்லாருக்கும் எம்.எல்.ஏ.வாக இருந்தாரா என்பதற்கு இதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரியவில்லை.

## தேர்தல் அறிவிப்புக்குப் பிறகு

தேர்தல் நடத்தை விதி அமலுக்கு வந்த அன்றே எம்.எல்.ஏ. அலுவலகம் பூட்டப்படும், கல்வெட்டுகள் துணியால் மூடப்படும். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் ஆவணம் காட்ட வேண்டும். மாட்டுச் சந்தைக்கும் பூ மண்டிக்கும் போகிறவர்கள் கையில் ரசீது வைத்துக்கொள்வது நல்லது. வேட்பாளரின் செலவு வரம்பு சட்டமன்றத்துக்கு 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம். வாக்குக்குப் பணம் கொடுப்பது மட்டுமில்லை, வாங்குவதும் குற்றம். ஓராண்டு வரை சிறை.

பதவியில் இருப்பவரின் வாக்குறுதிகளைப் பொறுத்தவரை முக்கியமான விதி ஒன்று. அறிவிப்புக்கு முன்பே களத்தில் தொடங்கிய வேலை தொடரலாம். புதிய வேலையைத் தொடங்கவோ தொகுதி நிதியைப் புதிதாக விடுவிக்கவோ முடியாது. பணி ஆணை கொடுத்து இன்னும் தொடங்காத வேலையும் நிற்க வேண்டியதுதான். அதனால் அறிவிப்புக்கு முந்தைய வாரம் ஊர் முனையில் இறக்கிய ஒரு லோடு ஜல்லியைக் காட்டி "வேலை ஆரம்பமாகிவிட்டது" என்று சொன்னால், பணி ஆணையின் தேதியையும், ஜல்லிக்குப் பிறகு ஏதாவது நடந்ததா என்பதையும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.